வாத்தியாரை யார் வெளியே கூட்டிப்போவது?

1

இந்தக் கதை என்னுடையது அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் வந்து என் சட்டையைப் பிடிக்கக் கூடாது. ஒரு லிஃப்ட் மெக்கானிக் எனக்குச் சொன்னது இது. சொன்னபோது எங்கள் இருவருக்கும் நடுவில் ஓர் இரும்புக் கதவு இருந்தது. நான் உள்ளே மாட்டிக்கொண்டு வியர்த்து வழிந்துகொண்டிருந்தேன். அவருடைய கூட்டாளி மேலே மோட்டார் அறையில் கோளாறைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவருக்கு வேலை, கதவருகே நின்று என் பயத்தைப் பார்த்துக்கொள்வது. உள்ளே இருப்பவரிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். பேச்சு நின்றால் மனுஷன் கதவைப் பிறாண்ட ஆரம்பித்துவிடுவானாம். வழக்கமாக மழை, விலைவாசி என்று எதையாவது அளந்துவிடுவார். அன்று அதெல்லாம் அவர் வாயில் வரவில்லை. தங்கச்சியைப் பற்றிப் பேசினார்.

அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் பத்திரிகை ஆசிரியர் எனக்குப் போன் செய்திருந்தார். அன்றாட வாழ்வில் நன்றியுணர்வு என்று ஒரு சிறப்பிதழ் போடுகிறார்களாம்.

"பாசிட்டிவா ஒண்ணு குடுங்க சார். யாராவது காப்பகத்துல இருந்து ஒரு நாயைத் தத்தெடுக்கறாங்க. அது வந்ததும் வீடே மாறிடுது. படிச்சு முடிச்சா கண்ணுல தண்ணி வரணும். ஆனா சந்தோஷத் தண்ணி."

"ஏன், பூனையா இருந்தா ஆகாதா?"

"என்ன சார் நீங்க, நாய்னாலே நன்றிதானே!"

வாஸ்தவம். மூன்றாம் வகுப்பில் நாமெல்லாம் கட்டுரை எழுதியிருக்கிறோமே. நாய் நன்றியுள்ள பிராணி. அதற்கு நான்கு கால்கள் உண்டு. இந்த வரிசையில்தான் எழுதுவோம். கால்களை எண்ணும் முன்பே நன்றியை அதன் தலையில் கட்டிவிடுவோம். எந்த நாயையும் கேட்டு யாரும் எழுதியதாகத் தெரியவில்லை.

சரி என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது.

2

அந்தத் தங்கச்சியின் கதைக்கு நான் எழுதிப் பார்த்த தொடக்கங்களைப் பாருங்கள். எதையும் கிழித்துப் போடவில்லை, அப்படியே வைத்திருக்கிறேன்.

"காலைக் கதிரவன் தன் பொற்கரங்களை நீட்டி அவளது சன்னலை—"

வேண்டாம். அவள் சன்னல் திரையையே விலக்குவதில்லை. கதிரவன் கரத்தை நீட்டி என்ன ஆகப்போகிறது?

"கணவனைப் பறிகொடுத்த நாளிலிருந்து அவள்—"

பொய். அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. செய்துகொள்ளத் தோன்றவில்லை என்று சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்தவள்.

"நம்பிய ஒருவர் செய்த துரோகம்—"

இதுவும் பொய். நான் என்ன செய்ய? படுத்துவிட்ட ஒருத்தியைக் காட்டினால் வாசகருக்குக் காரணம் வேண்டும். எனக்கும் வேண்டியிருந்தது. லிஃப்டுக்குள் இருந்தபடியே கேட்டேன்.

"ஏதாவது நடந்துச்சா? எதனால இப்படி ஆச்சு?"

"ஒண்ணும் நடக்கல சார்," என்றார் கதவுக்கு வெளியிலிருந்து. "அதான் சார் பயமா இருக்கு. ஏதாவது நடந்திருந்தா அதைப் போய் சரி பண்ணலாம்."

ஆகவே தொடக்கம் இதுதான்: ஒருநாள் அவள் எழுந்திருக்கவில்லை.

3

அவளுக்கு நாற்பது தாண்டிவிட்டது. ஆனாலும் அண்ணனுக்குப் பாப்பாதான். மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துக் கொடுக்கிற வேலை. எதிரே வருகிறவர் கண்ணாடியைப் பார்த்த மாத்திரத்தில் பவர் சொல்லிவிடுவாள். பஸ்ஸில் போகும்போது அண்ணனிடம் காதோரமாகச் சொல்லிச் சிரிப்பாள். "அதோ அந்த நீலச் சட்டைக்காரர் பாவம்ணா, அவருக்குப் பார்வை நல்லாதான் இருக்கு, மூக்குதான் கோணல்." வாய் ஓயாத பெண். அண்ணன் அவளோடு எங்கே போனாலும் யாராவது அடிக்க வந்துவிடுவார்களோ என்று பயந்துகொண்டேதான் போவார்.

கடைக்காரர் போன் செய்து, தங்கச்சி இரண்டு நாளாக வரவில்லையே என்று கேட்டபோதுதான் அவருக்கே தெரிந்தது. மாற்றுச் சாவி அவரிடம் இருந்தது. மாடி வீடு. கீழ் வீட்டுக்காரர்கள் வெளியூர் போய்ப் பல மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது. உள்ளே போனால் சமையலறைத் தொட்டியில் குவளைகளாக நிறைந்திருந்தன. தட்டு ஒன்றுகூட இல்லை. வெறும் குவளைகள். அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"உடம்பு சரியில்லையா பாப்பா?"

"உடம்பு நல்லாதாண்ணா இருக்கு. எனக்குத்தான் முடியல."

(இந்த வாக்கியத்தை நான் ஒரு எழுத்துகூட மாற்றவில்லை. மாற்றிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் கேவலமாகிவிட்டது.)

அன்று தொடங்கி அவர் காலையும் மாலையும் வந்தார். குவளைகளைக் கழுவினார். சாப்பாடு கொண்டுவந்தார். துணி துவைத்தார். தலைசீவி விடவும் வந்தார், அதற்கு மட்டும் அவள் விடவில்லை. லிஃப்டில் மாட்டியவர்களிடம் அவர் முதலில் சொல்லும் மூன்று வாக்கியங்கள் உண்டு. என்னிடமும் சொன்னார். "நீங்க ஒண்ணும் பண்ணாதீங்க. அப்படியே இருங்க. நான் வந்துட்டேன்." பழக்கதோஷம், அவளிடமும் அதையேதான் சொன்னார். லிஃப்டுக்குள் நிற்பவனுக்கு அதைவிட நல்ல வார்த்தை கிடையாது, அனுபவித்தவன் சொல்கிறேன். படுக்கையில் கிடப்பவளுக்கு அது விஷம். ஆனால் பாசத்தோடு ஊட்டினால் யாருக்குத் தெரிகிறது!

4

மனநல டாக்டரம்மா ஒருத்தரிடம் கூட்டிப்போனார். அந்த அம்மா மாத்திரை எழுதித் தந்துவிட்டு, அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்கள். "அவங்களை நம்பி ஏதாவது ஒண்ணு வீட்டுல இருக்கணும். அதுக்காகவாவது எழுந்திரிப்பாங்க."

நேராக நாய்க் காப்பகத்துக்குப் போனார் மனுஷன்.

பினாயில் நெடி, ஈரச் சிமெண்டுத் தரை, வரிசையாகக் கூண்டுகள். காப்பகத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு தரையைக் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை நிறுத்தாமலேயே விசாரித்தாள்.

"நாய் யாருக்கு?"

"தங்கச்சிக்கு."

"காவலுக்கா?"

"இல்லம்மா. அவளைக் காலையில எழுப்பறதுக்கு."

"அதுக்கு அலாரம் விக்கறாங்களே, பத்தாதா?"

அவர் முகத்தைப் பார்த்திருப்பாள் போல. குழாயை நிறுத்தினாள். கடைசிக் கூண்டுக்குக் கூட்டிப்போனாள். முகவாயெல்லாம் நரைத்த பழுப்பு நாய் ஒன்று, ஒரு காது மடங்கி, உட்கார்ந்திருந்தது. எல்லாக் கூண்டுகளிலும் கம்பியைத் தாண்டுகிற குதியாட்டம் நடந்துகொண்டிருக்க, இது மட்டும் வந்தவரை மேலும் கீழும் பார்த்தது.

"இவரு வாத்தியார். பாருங்க, பரிட்சைப் பேப்பர் திருத்தற மாதிரியே பாப்பாரு. ரெண்டு வீட்டுக்குப் போயிட்டுத் திரும்பி வந்தவரு."

"கடிச்சிட்டாரா?"

"சேச்சே! வாலை ஆட்டலையாம். ரெண்டு வீட்டுலயும் ஒரே புகார். இவ்வளவு செஞ்சும் ஒரு நன்றி இல்லையே இதுக்குன்னு. நான் கேக்கறேன், கூட்டிட்டுப் போங்கன்னு இவரு எழுதிக் குடுத்தாரா?" கூண்டைத் திறந்தாள். "நன்றி கின்றி எதிர்பார்த்துக் கூட்டிட்டுப் போகாதீங்க. காலையும் சாயங்காலமும் வெளியே கூட்டிப்போகணும். அதுல மட்டும் ரொம்பக் கறார். வீட்டுக்குள்ள அசிங்கம் பண்ண மாட்டாரு, உயிரே போனாலும் அடக்கிட்டு நிப்பாரு."

[இந்த இடத்தில் பத்திரிகை ஆசிரியர் எதிர்பார்ப்பது: நாய் அவரைப் பார்க்கிறது, அவர் நாயைப் பார்க்கிறார், ஏதோ ஒன்று நிகழ்கிறது. ஒன்றும் நிகழவில்லை. நாய் கூண்டைவிட்டு இறங்கி வந்து அவருடைய செருப்பை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.]

வீட்டுக்குக் கூட்டிவந்ததும் தங்கச்சி படுக்கையில் புரண்டு நாயைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இடது கண்ணுல புரை விழ ஆரம்பிச்சிருக்குண்ணா இவருக்கு," என்றாள்.

அவளாக வாயைத் திறந்து வேறொருவரைப் பற்றிப் பேசி எத்தனையோ நாளாகியிருந்தது. அண்ணன் கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதார். திரும்பி வந்தபோது அவள் பழையபடி சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தாள். ஆனால் நாய் கட்டிலுக்குப் பக்கத்தில் படுத்திருந்தது. போதாதா? போதும் என்றுதான் அவர் நினைத்தார்.

5

இப்போது எழுதப்போவதை எழுதாமல் தாண்டிவிடலாமா என்று மூன்று வேளை யோசித்தேன்.

மறுநாள் காலை. அவர் வழக்கமான நேரத்துக்குச் சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தார். நாய் கதவை முன்னங்காலால் தட்டிக்கொண்டிருந்தது. தங்கச்சி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். கையில் சங்கிலி. ஒரு கால் செருப்புக்குள் போயிருந்தது. மற்றச் செருப்பு கட்டிலுக்கு அடியில் தள்ளிப் போய்க் கிடந்தது. அதை எப்படி எடுப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். நமக்கு அது ஒரு காரியமா? அவளுக்கு அது மலை.

"அய்யோ, நீ ஏன் பாப்பா எழுந்தே! நான்தான் வந்துட்டேன்ல? நீ அப்படியே இரு, நான் கூட்டிட்டுப் போறேன்."

சங்கிலியை வாங்கிக்கொண்டார். அவள் கொடுத்துவிட்டாள். செருப்பிலிருந்து காலை எடுத்தாள்.

இதை அவர் சொன்னபோது லிஃப்டின் இந்தப் பக்கம் நான் தலையில் அடித்துக்கொண்டேன். சத்தம் கேட்டு, "என்ன சார், என்ன ஆச்சு?" என்று பதறினார். "ஒன்றுமில்லை, சொல்லுங்கள்" என்றேன். "எனக்கு அப்பத் தெரியல சார்," என்றார். அவ்வளவு அன்பான முட்டாள்தனத்தை நான் ஒரு கதாபாத்திரத்துக்குக் கொடுத்திருந்தால் நீங்கள் நம்பியிருக்க மாட்டீர்கள்.

அதன்பிறகு காலையும் மாலையும் அவர்தான். தெருவை ஒரு சுற்று, பூங்கா வாசலில் கொஞ்ச நேரம், திரும்பி மாடி. அந்த நடையில் ஒரு விபரீதம் நடந்தது. இரண்டு வீடுகளில் வாலாட்டாத வாத்தியார் இவருக்கு ஆட்ட ஆரம்பித்துவிட்டார். பைக் சத்தம் தெருமுனையில் கேட்டாலே எழுந்து கதவடியில் போய் உட்கார்ந்துவிடுமாம். அவர் போனபிறகும் வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருக்குமாம். பகல் முழுக்கத் தங்கச்சி பார்த்துக்கொண்டிருந்தது நாயின் முதுகைத்தான்.

"இவரும் உன் ஆளாயிட்டாருண்ணா," என்றாள் ஒருநாள்.

கேலி செய்கிறாள் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டாராம். கேலி திரும்பி வருகிறதே என்று.

6

இனி நன்றி வருகிறது. ஆசிரியர் கேட்ட சரக்கு.

ஒருநாள் தண்ணீர்க் குவளையை நீட்டியபோது அவள், "நன்றிண்ணா," என்றாள்.

அவர் காதில் சரியாக விழவில்லை என்று நினைத்துக்கொண்டார். மறுநாள், "வாத்தியாரைக் குளிப்பாட்டினதுக்கு நன்றி." அதற்கு மறுநாள், "திட்டாம இருக்கறதுக்கு நன்றி." ஒவ்வொரு நாளும் ஒன்று. மெதுவாக, கண்ணைப் பார்த்து, மனப்பாடம் ஒப்பிப்பதுபோல.

கேட்டதும் அவர் குவளைகளைத் தூக்கிக்கொண்டு தொட்டிப் பக்கம் போய்விடுவார்.

அவர்கள் வீட்டில் யாரும் யாருக்கும் நன்றி சொல்லிப் பழக்கமில்லை. யார் வீட்டில்தான் உண்டு? அம்மா சோறு போட்டால் நன்றி சொல்கிறோமா? சொன்னால், "என்னடா, எங்கே ஊரைவிட்டு ஓடப்போறே?" என்று கேட்பாள். அந்நியருக்குத்தான் நன்றி. வீட்டு ஆளுக்கு, இன்னும் கொஞ்சம் போடு என்று சொல்வதுதான் நன்றி.* அந்த வீட்டில் நன்றி என்ற சொல்லை ஒரே ஒரு ஆள்தான் சொல்லியிருக்கிறார். அப்பா. ஆஸ்பத்திரிப் படுக்கையில், ஒருநாள் சாயங்காலம், நர்ஸ், தரை துடைக்கிற அம்மாள், மகன், மகள் என்று ஒருத்தர் விடாமல் கூப்பிட்டு நன்றி சொன்னார். விடிந்தபோது ஆள் இல்லை.

[* இந்த வரி எனக்குப் பிடித்திருக்கிறது. பிடித்திருப்பதாலேயே சந்தேகமாகவும் இருக்கிறது. ஓர் ஆள் உயிருக்குத் தவித்துக்கொண்டிருக்கும்போது நான் வாக்கியத்துக்குப் பவுடர் பூசிக்கொண்டிருக்கிறேன்.]

ஆகவே தங்கச்சி தினமும் ஒவ்வொன்றாக நன்றி சொல்லச் சொல்ல, அண்ணனுக்கு அவள் பெட்டி கட்டுவதுபோல இருந்தது. பாக்கி வைக்காமல் கிளம்புகிறவள்போல இருந்தது. ஒரு காலையில், "செருப்பு எடுத்து வெச்சதுக்கு—" என்று அவள் ஆரம்பித்தாள்.

"நிறுத்து!" என்று கத்திவிட்டார். வாழ்க்கையில் அவளிடம் கத்தியதே இல்லை. "இனிமே என்கிட்ட நன்றி கின்றின்னு வாயைத் திறந்தே, நடக்கறதே வேற! நான் என்ன மூணாம் மனுஷனா?"

நாய் எழுந்து மேசைக்கு அடியில் போயிற்று. அவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, "சரிண்ணா," என்றாள்.

அதற்குப் பிறகு அவள் நன்றி சொல்லவில்லை. வேறு எதுவும்கூடச் சொல்லவில்லை.

7

அடுத்த முறை டாக்டரம்மாவைப் பார்க்கப் போனபோது அந்த அம்மா அவளிடம் கேட்டார்கள். "தினமும் யாருக்காவது வாய்விட்டு ஒரு நன்றி சொல்லணும்னு சொல்லியிருந்தேனே, நடக்குதா?"

"அண்ணனுக்குப் பிடிக்கல டாக்டர். விட்டுட்டேன்."

பக்கத்து நாற்காலியில் அண்ணன்.

அவருடைய முகத்தை நான் பார்க்கவில்லை. இதைச் சொன்னபோதும் கதவு நடுவில் இருந்தது. குரல் மட்டும் கேட்டது. "அவ ஏறி வர்றதுக்கு ஒரு கயிறு கிடைச்சிருந்தது சார். நான் போய் அறுத்துட்டேன்." பிறகு கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை. மாட்டிக்கொண்டவரிடம் பேச்சை நிறுத்தக் கூடாது என்கிற விதியை அவரே மறந்துவிட்டார். நான் உள்ளே இருந்துகொண்டு, "இருக்கீங்களா? இருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்குப் போனதும் கெஞ்சினாராம். "சொல்லு பாப்பா. என்ன வேணா சொல்லு. காப்பி ஆறிப்போனதுக்கு நன்றின்னு சொல்லு. வாத்தியார் என் பேன்ட்டைக் கிழிச்சதுக்குச் சொல்லு."

"வரலண்ணா," என்றாள். "தேடித்தான் பாக்கறேன். வரமாட்டேங்குது."

8

நான் லிஃப்டில் மாட்டிக்கொண்ட அன்று சாயங்காலம் அவர் தங்கச்சி வீட்டிலிருந்துதான் நேராக எங்கள் கட்டிடத்துக்கு வந்திருந்தார்.

அன்று நாயை நடத்திக் கூட்டிவந்து சங்கிலியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அவள் எழுந்து உட்கார்ந்தாள். குளித்திருந்தாள். அவர் கேட்காமலேயே குளித்திருந்தாள்.

"அண்ணா, நாளைக்கு நீ வராதே."

"ஏன்? எங்கயாவது போறியா?"

"இல்ல. வாத்தியாரை நானே கூட்டிட்டுப் போறேன். நீ வந்தா என்னால முடியாது. நீ வந்துடுவேன்னு தெரிஞ்சாலே முடியாது."

அவருக்கு ஒரு கணம் தரையில் கால் பாவவில்லையாம், சந்தோஷத்தில். பிறகு அவள் அடுத்ததைச் சொன்னாள்.

"இவ்வளவு நாள் வந்ததுக்கு நன்றிண்ணா."

பாருங்கள். நீங்களே பாருங்கள். இதை நான் சேர்க்கவில்லை. என் கையில் இருந்தால் அந்தக் கடைசி வாக்கியத்தைப் பிடுங்கி எறிந்திருப்பேன். டாக்டரம்மா சொன்ன நன்றி திரும்பி வந்துவிட்டதா? அல்லது அப்பா சொன்ன நன்றியா? ஒரே வாய், ஒரே குரல்.

"நான் வேணா ராத்திரி இங்கேயே படுத்துக்கட்டுமா? காலையில எழுந்து போயிடறேன், உன் கண்ணுல படாம."

"என்மேல உனக்கு நம்பிக்கையே இல்லையா?"

இல்லை என்று சொல்ல முடியுமா? ஒரு தடவை நம்பாமல் கத்தியதில் என்ன ஆயிற்று என்று பார்த்தவர் அவர். உண்டு என்றால் பொய். தலையை மட்டும் ஆட்டிவிட்டு இறங்கிவந்தார்.

(போன் பண்ணிக் கேட்கக் கூடாதா என்கிறீர்கள். அவள் போன் எப்போதோ அணைந்துபோய் அலமாரியில் கிடக்கிறது. டாக்டரம்மாவைக் கேட்கக் கூடாதா? கேட்டார். அந்த அம்மா போனிலேயே நிறையக் கேள்வி கேட்டுவிட்டு, இது நல்ல அறிகுறியாகவும் இருக்கலாம், கவலைப்பட வேண்டியதாகவும் இருக்கலாம், பக்கத்தில் இருங்கள், ஆனால் அவளுக்கு இடம் விடுங்கள் என்றார்கள். பக்கத்தில் இருந்துகொண்டே எப்படி இடம் விடுவது என்று அவர் என்னைக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரியுமா?)

"சார், நீங்க கதையெல்லாம் எழுதறவருன்னு வாட்ச்மேன் சொன்னாரு," என்றார் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து. "நாளைக்குக் காலையில நான் போகணுமா, போகக் கூடாதா?"

நான் வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து மேலே மோட்டார் உறுமியது, லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கி இறங்கிற்று, கதவு திறந்தது. வெளியே அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் கும்பலாக நின்றார்கள். என் மனைவி என் தோளைப் பிடித்து உலுக்கி, மூச்சு விட முடிகிறதா என்று கேட்டாள். யாரோ சோடா கொடுத்தார்கள். கூட்டத்துக்கு அந்தப் பக்கம், நீலச் சீருடையில், தாடையில் இரண்டு நாள் நரைமுடியோடு ஒரு குள்ளமான மனிதர் கருவிப்பையை மூடிக்கொண்டிருந்தார். என்னை ஒருமுறை பார்த்தார். நான் அவரிடம், "ரொம்ப நன்றிங்க," என்றேன்.

அதைத்தான் சொன்னேன். அந்நியருக்குச் சொல்கிற நன்றி.

9

அடுத்த பராமரிப்புக்கு அந்தக் கூட்டாளி தனியாக வந்தார்.

நான் வாசலில் நின்று பார்த்தேன். அவர் எண்ணெய் போட்டார், கதவைத் திறந்து மூடிப் பார்த்தார். நான் காப்பி கொடுத்தேன். குடித்தார்.

"உங்ககூட ஒருத்தர் வருவாரே?"

"ஆமா சார். லீவுல இருக்காரு."

அவ்வளவுதான். லீவு எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். தங்கச்சியையும் நாயையும் கூட்டிக்கொண்டு எங்காவது போயிருக்கலாம். ஆளுக்குக் காய்ச்சலாக இருக்கலாம். வேறாகவும் இருக்கலாம். நான் குவளையை வாங்கிக்கொண்டு உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். எனக்குத் தெரிய வேண்டாம். தெரியாதவரைக்கும் அவள் இருக்கிறாள்.

அதே நாள் ஆசிரியர் போன் செய்தார்.

"என்ன சார், நாய் ரெடியா?"

"நாய் ரெடி. முடிவுதான் வரல."

"முடிவு என்ன சார் முடிவு, வாலை ஆட்ட விடுங்க!"

10

முடிவு, ஆசிரியருக்காக: காலை. கேட் திறக்கிறது. அவள் வருகிறாள், தலைசீவி, கையில் சங்கிலி, வாத்தியார் முன்னே இழுத்துக்கொண்டு போகிறார். எதிர்ச்சாரியில் மரத்துக்குப் பின்னால் அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறார். எழுதி முடித்து ஒருமுறை படித்தேன். பொய் என்று சொல்ல முடியாது. ஆனாலும் யாருக்கோ வாக்குக் கொடுப்பதுபோல இருந்தது. நிறைவேற்ற என்னால் முடியாத வாக்கு.

முடிவு, மற்றது: "சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தபோது—"

இதற்குமேல் என் கை போகவில்லை. போகவும் விடமாட்டேன்.

ஆகவே இந்த இரண்டும் இல்லாமல், இதை மட்டும் எழுதுகிறேன். அந்தக் காலையில் அவர் போகிறார். வீட்டுக்கு அல்ல, எதிர்ச்சாரி வரைக்கும். பைக்கைத் தெருமுனைக்கு முன்பே அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு வருகிறார், நாய்க்குச் சத்தம் கேட்டுவிடக் கூடாது என்று. பூட்டிய கடையின் வாசலில் நிற்கிறார். எதிரே மாடி சன்னல். திரை மூடியிருக்கிறது. நாய் வெளியே போகிற நேரம் வருகிறது. நேரம் தாண்டுகிறது. ஒரு ஆள் குப்பை வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டே போகிறார்கள். அவர் சாவியைச் சட்டைப்பையில் வைக்கிறார், எடுக்கிறார், மறுபடி வைக்கிறார்.

மாடியில் நாய் குரைக்கிறது.

முதலில் ஒரு குரைப்பு, இடைவெளி விட்டு இன்னொன்று. அடக்க முடியாதபோது குரைக்கிற குரைப்பு, அவருக்கு அது தெரியும். பிறகு விடாமல் குரைக்கிறது. கதவைப் பிறாண்டுகிற சத்தம் தெருவரைக்கும் கேட்கிறது. எழுந்திரு பாப்பா, எழுந்திரு, எழுந்திரு என்று இவர் வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருக்கிறார். போனால் அவளுடைய காலையை மறுபடியும் பிடுங்கிக்கொண்டதாகும். போகாவிட்டால்? ஒரு காலை நடைபாதையிலிருந்து ரோட்டில் வைக்கிறார்.

குரைப்பு நிற்கிறது.

சங்கிலியை எடுத்தால் எந்த நாயும் குரைப்பதை நிறுத்திவிடும். எத்தனை குரைத்தும் கேட்பாரில்லை என்று ஆனாலும் நிறுத்திவிடும். இந்த இரண்டு மௌனத்துக்கும் எழுத்தில் வித்தியாசம் காட்ட என்னிடம் எதுவும் இல்லை. திரை அசையவில்லை. கேட் அசையவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. ஒரு பேனாவை வைத்துக்கொண்டு இவ்வளவு தூரம் அவரைக் கூட்டிவந்துவிட்டேன், இதற்குமேல் ஓர் அடி என்னால் முடியாது.

அவர் ஒரு கால் நடைபாதையிலும் ஒரு கால் ரோட்டிலுமாக நிற்கிறார். என்னைப் பார்க்கவில்லை, என்னை அவர் கேட்டு முடித்தாயிற்று. உங்களைத்தான் திரும்பிப் பார்க்கிறார். போகட்டுமா, நிற்கட்டுமா? ரோடு காலியாகத்தான் இருக்கிறது.